பழந்தேயிலையும் இடவப்பாதி மழையும்

திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்தில் தேயிலை விற்கிறவரிடம் போய், "முப்பது வருஷப் பழைய தேயிலை இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டால், அவர் ஆளை மேலும் கீழும் பார்ப்பார். புதுச் சரக்கு வந்துவிட்டதா என்று கேட்பதுதான் அங்கே வழக்கம். பொட்டலத்தில் அச்சடித்த தேதி தாண்டிவிட்டால் மணம் இறங்கும், சாயம் வெளுக்கும், தேயிலைக்கு மவுசு போய்விடும். ஹாங்காங்கிலோ கோலாலம்பூரிலோ இதே கேள்வியைக் கேட்டால் கடைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வார். எந்த ஆண்டுச் சரக்கு, எந்தத் தொழிற்சாலை, எந்த ஊர்க் கிடங்கில் கிடந்தது என்று பேச்சு அரை நாள் ஓடும்.

அந்தப் பேச்சில் கடைசிக் கேள்விதான் கேரளத்துக்காரர்கள் காது கொடுக்க வேண்டியது. சீனப் பழந்தேயிலையின் சுவையில் பாதி தோட்டத்தில் உண்டாகிறது. மீதிப் பாதியை அது கிடந்த ஊரின் வெப்பமும் ஈரமும் உண்டாக்குகின்றன. சிங்கப்பூரோ மலேசியாவோ போய் வந்தவர் பெட்டியில் கொண்டுவந்த ஒரு தேயிலை வட்டை இங்கே வீட்டு அலமாரியில் வைத்தால், இடவப்பாதிக்கு அது முதிருமா, பூத்துப்போகுமா?

எல்லாத் தேயிலையும் முதிராது

சீனத் தேயிலையிலும் பெரும்பாலானவற்றைப் புதிதாகத்தான் குடிக்க வேண்டும். ஹாங்சோவின் லாங்ஜிங் போன்ற பச்சைத் தேயிலை, வசந்தத்தில் பறித்த சில மாதங்களிலேயே உச்சத்தைத் தொட்டுவிடும். அடுத்த வசந்தத்துக்குள் அதன் வாசம் பாதியாகிவிடும். வைத்துக் குடிப்பதற்கென்று பெயர் பெற்றவை சிலதான். யுன்னான் மாநிலத்தின் பூஅர், குவாங்சி மாநிலத்தின் லியூபாவ், ஹுனான் மாநிலத்தின் ஆன்ஹுவா செங்கல் தேயிலை, ஃபூஜியன் மாநிலத்து ஃபூடிங்கில் செய்யும் வெள்ளைத் தேயிலை, அவ்வப்போது மறுபடி வறுத்தெடுத்து வைக்கும் சில ஊலாங் வகைகள் ஆகியவை அந்தப் பட்டியலில் வரும்.

இவற்றில் பூஅருக்குத்தான் உலகெங்கும் சேகரிப்பாளர்கள் அதிகம். யுன்னானின் பெரிய இலைச் செடியிலிருந்து அது வருகிறது. தாவரவியலில் அந்தச் செடி அசாம் வகையைச் சேர்ந்தது. மூணாற்றிலும் பொன்முடியிலும் தேயிலைத் தோட்டங்களில் நிற்பவையும் பெரும்பாலும் அசாம் வகையோ அதன் கலப்போதான். ஆக, செடி ஏறக்குறைய நம்முடையதே, பக்குவம்தான் வேறு.

நம் தொழிற்சாலையில் இலையை உருளைகளுக்கிடையே விட்டு நசுக்கி, கிழித்து, சுருட்டுகிறார்கள். சிடிசி என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். இலைச் சாறு காற்றோடு கலந்து சீக்கிரமே செந்நிறமாகிவிடும். அந்த மாற்றம் முடிந்ததும் சூடான காற்றை ஊதிக் காயவைத்து எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறார்கள். பாலும் சீனியும் சேர்த்து ஆற்றிக் குடிக்க இதற்கு நிகர் கிடையாது. ஆனால் பொட்டலத்துக்குள் போன பிறகு அந்தத் தேயிலை இழக்கத்தான் முடியும். புதிதாக ஒன்றும் சேராது.

பூஅர் செய்கிறவர்கள் இலையை வாட்டி, இரும்புச் சட்டியில் வதக்கி, உருட்டி, வெயிலில் காயவைக்கிறார்கள். பச்சைத் தேயிலைக்குக் கொடுக்கிற அளவு சூட்டை இதற்குக் கொடுப்பதில்லை. அதனால் இலையிலுள்ள நொதிகள் முழுவதும் சாவதில்லை. வெயில் காய்ச்சலில் நுண்ணுயிர்களும் பிழைத்துக் கிடக்கும். பிறகு ஆவி காட்டி இளக்கி, துணிப்பையில் போட்டு, கல்லால் அமுக்கி வட்டாக்குகிறார்கள். கொஞ்சம் ஈரமும் கொஞ்சம் சூடும் கிடைத்தால் போதும், வட்டுக்குள் வருஷக்கணக்கில் வேலை நடந்துகொண்டே இருக்கும். நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பைத் தருகிற கேட்டகின்கள் குறைந்து, பழுப்பு நிறப் பொருள்கள் கூடும். புதிதில் வெளிர்மஞ்சளாக இறங்கிய சாறு, பத்து வருஷத்தில் ஆரஞ்சாகவும் அதற்கப்புறம் செம்பழுப்பாகவும் இறங்குவது அதனால்தான்.

காகிதத்தில் நாலு எண்

ஒரு வட்டின் மரபான எடை 357 கிராம். ஏழு வட்டுகளை அடுக்கி மூங்கில் மடலில் கட்டினால் ஒரு கட்டு. கிட்டத்தட்ட இரண்டரைக் கிலோ. கோவேறு கழுதை முதுகில் ஏற்றிய காலத்தின் கணக்கு இது.

மேலே சுற்றிய காகிதத்தில் பல சமயம் நாலு எண் இருக்கும். புகழ்பெற்ற 7542ஐ எடுத்துக்கொள்வோம். முதல் இரண்டு எண், அந்தக் கலவை வகுக்கப்பட்ட ஆண்டு 1975 என்று சொல்கிறது. அடுத்த 4 இலையின் தரம். கடைசி 2 மெங்ஹாய் தொழிற்சாலையின் அடையாளம்; 1 இருந்தால் குன்மிங், 3 இருந்தால் சியாகுவான். புதிதாக வாங்குகிறவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள். 7542 என்று போட்டிருந்தால் 1975இல் செய்தது என்று அர்த்தமில்லை. அந்தக் கலவையை இன்றைக்கும் செய்கிறார்கள்.

பூஅரில் இரண்டு சாதி உண்டு. மேலே சொன்னது ஷெங், அதாவது பச்சை. மற்றது ஷோ, அதாவது பழுக்கவைத்தது. ஷெங் முதிரப் பல ஆண்டுகள் ஆகும். ஹாங்காங்கின் உணவகங்களோ கறுத்து, மெத்தென்று இறங்கும் தேநீரைத் தினமும் கேட்டன. இதற்கு வழி தேடி 1973 வாக்கில் குன்மிங் தொழிற்சாலைக்காரர்கள் ஒரு முறையை உருவாக்கினார்கள். காய்ந்த இலையைக் குவியலாகக் கொட்டி, தண்ணீர் தெளித்து, துணி போட்டு மூடி, அவ்வப்போது கிளறிவிடுவார்கள். உள்ளே பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகி, குவியல் தானாகச் சூடேறும். சுமார் ஒன்றரை மாதத்தில் இலை கறுத்துப் பழுத்துவிடும். இப்படிச் செய்ததை வாங்கிய அன்றே குடிக்கலாம். சில வருஷம் வைத்தால் குவியல் வாடை மட்டும் போகும். ஆண்டுதோறும் எடுத்துச் சுவைத்துப் பார்க்கிற ஆர்வம் பெரும்பாலும் ஷெங்கைச் சுற்றித்தான் இருக்கிறது.

ஈரக் கிடங்கும் உலர் கிடங்கும்

ஹாங்காங் வணிகர்கள் ஒருகாலத்தில் ஷெங்கையும் அவசரப்படுத்தினார்கள். ஈரம் மிகுந்த, காற்றோட்டம் குறைந்த கிடங்கில் மூட்டைகளை அடுக்கி வைத்துவிட்டு, பிறகு வேறு இடத்தில் ஆறப்போடுவார்கள். நிறம் சீக்கிரம் கறுக்கும். கூடவே நிலவறை வாடையும் ஏறும். அந்த ருசிக்குப் பழகியவர்கள் அதைத்தான் விரும்புகிறார்கள்.

1990களில் ஹாங்காங் தேநீர் வணிகர் வெஸ்பர் சான் இதற்கு எதிர்வழியில் போனார். 1989ஐ ஒட்டிய ஆண்டுகளில் தயாரான 7542 வட்டுகளை மொத்தமாக வாங்கி, ஈரக் கிடங்குக்கு அனுப்பாமல் உலர்ந்த இடத்தில் வைத்தார். இன்று '88 பச்சை வட்டு' என்று உலகச் சேகரிப்பாளர்கள் சொல்வது அந்தச் சரக்கைத்தான். 88 என்ற எண், உண்மையில் செய்த ஆண்டைத் துல்லியமாகக் குறிக்காது. சீனர்களுக்கு எட்டு ராசியான எண். நிதானமாக முதிர்ந்த பூஅருக்கு அது அளவுகோலாகி, விலையும் எங்கோ போய்விட்டது.

விலை என்றதும் சூதாட்டமும் வந்து சேரும். 2000களின் நடுவில் பூஅரைப் பங்குபோல வாங்கிக் குவித்தார்கள். யுன்னானின் சிமாவோ நகரமே 2007இல் பூஅர் என்று பெயர் மாறியது. அதே ஆண்டு விலை சடசடவெனச் சரிந்து, கிடங்கு நிறையச் சரக்கோடு பலர் நின்றார்கள். போலிக் காகிதம் சுற்றிய வட்டுகள் இன்றும் சந்தையில் உலவுகின்றன. ஐம்பது ஆண்டு வட்டு மலிவு விலையில் கிடைக்கிறது என்றால் கையைப் பையிலிருந்து எடுக்காமல் இருப்பதே நல்லது.

கல்கத்தா வழியாகப் போன மூட்டைகள்

இந்தத் தேயிலைக்கு இந்திய மண் புதிதல்ல. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் யுன்னானின் மெங்ஹாய் பகுதித் தேயிலை திபெத்துக்குப் போக ஒரு சுற்றுவழி இருந்தது. பர்மாவின் கெங்துங் வழியாக ரங்கூன், அங்கிருந்து கப்பலில் கல்கத்தா, ரயிலில் சிலிகுரி, பிறகு காலிம்போங். அங்கே கோவேறு கழுதைகளில் ஏற்றி, ஜெலெப் கணவாய் தாண்டி லாசாவுக்குக் கொண்டுபோவார்கள். வரைபடத்தில் பார்த்தால் தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் பாதைதான். ஆனால் ரயிலும் கப்பலும் இருந்ததால் மலைப்பாதையைவிட இது தோதாக இருந்தது. ரங்கூனின் புழுக்கத்தையும் கல்கத்தாவின் புழுக்கத்தையும் மூட்டைக்குள்ளிருந்த இலை அனுபவித்துவிட்டுத்தான் பனிமலை ஏறியது. 1962 இந்திய-சீனப் போருக்குப் பிறகு அந்தக் கணவாய் வணிகம் அடைபட்டது.

கேரளக் கரைக்கும் சீனத்துக்கும் உறவு இன்னும் பழையது. திருவனந்தபுரத்துக்கு வடக்கே கொல்லம் துறைமுகத்தில் 2014இல் கடலடியைத் தூர்வாரியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட சீனக் காசுகள் கிடைத்தன. சீனக் கப்பல்கள் கொண்டுவந்தவற்றில் பீங்கான் சாடிகள் இங்கே நிலைத்தன. மிளகு அங்கே போனது. தேநீர் மட்டும் அந்தக் கப்பல்களில் வந்து கேரளத்து வழக்கமாகவில்லை. கட்டன்சாயா குடிக்கும் பழக்கம் வெள்ளைக்காரத் தோட்டங்களுக்குப் பின்னால் வந்ததுதான்.

ஈப்போ சொல்லித்தரும் பாடம்

திருவனந்தபுரத்துக்கு நெருக்கமான பாடம் யுன்னானில் கிடைக்காது, மலேசியாவில் கிடைக்கும். தமிழர்கள் பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய அதே காலத்தில், அதே மாநிலத்தின் கிந்தா பள்ளத்தாக்கில் சீனர்கள் வெள்ளீயம் தோண்டினார்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்று வேலை செய்த அவர்களுக்குக் குவாங்சியிலிருந்து மூங்கில் கூடைகளில் லியூபாவ் வந்தது. உடம்பிலுள்ள ஈரத்தையும் சூட்டையும் போக்கும் என்று நம்பி, பெரிய பாத்திரங்களில் காய்ச்சி நாள் முழுக்கக் குடித்தார்கள். சுரங்க முதலாளிகளே தொழிலாளர்களுக்கு அதை வழங்கியதும் உண்டு.

1985இல் உலகச் சந்தையில் வெள்ளீயத்தின் விலை விழுந்தது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. குடிக்க ஆளில்லாத கூடைகள் பேராக் நகரமான ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் கிடங்கு மூலைகளில் தங்கிப்போயின. பல வருஷம் கழித்துத் திறந்து காய்ச்சியபோது பாக்கு மணம் வீசும், கடும் சிவப்பான, தொண்டையில் வழுக்கி இறங்கும் தேநீர் கிடைத்தது. கூலிக்காரர் குடித்த மலிவுத் தேயிலையைச் சீனாவிலிருந்தே ஆள் வந்து தேடி வாங்கிப் போகிறார்கள். 'மலேசியக் கிடங்கு' என்பது இன்று சந்தையில் தனிப் பெயர். ஆண்டு முழுவதும் சூடும் ஈரமும் மாறாமல் இருப்பதால் தேயிலை சீராகவும் வேகமாகவும் முதிர்ந்திருக்கும் என்று அதற்கு அர்த்தம்.

இதை வைத்துத் திருவனந்தபுரத்தைப் பார்க்கலாம். குன்மிங் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,900 மீட்டர் உயரத்தில், உலர்ந்த குளிர்காற்றில் இருக்கிறது. அங்கே வைத்த வட்டு பதினைந்து வருஷமானாலும் இளமை மாறாமல் கிடக்கும். திருவனந்தபுரத்தில் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே போவது அபூர்வம். 36ஐத் தாண்டுவதும் அப்படித்தான். கடற்காற்றின் ஈரம் வருஷம் முழுக்க உண்டு. மலேசியத் தட்பவெப்பத்துக்கு இது மிக அருகில் வருகிறது. ஒரு வித்தியாசம், இங்கே மழை இரண்டு தவணையாக வரும். ஜூனில் இடவப்பாதி, அக்டோபரில் துலாமழை. துலாமழைக்குப் பிறகு மகரம், கும்பம் மாதங்களில் காற்று ஓரளவு காயும். ஆகவே முதிர்ச்சிக்குத் தேவையான சூடு இங்கே இலவசமாகக் கிடைக்கிறது; ஈரத்துக்குத்தான் கடிவாளம் வேண்டும்.

சேகரிப்பாளர்கள் பொதுவாகப் பரிந்துரைப்பது 60 முதல் 70 சதவீத ஈரப்பதம். அதற்குக் கீழே தேயிலை தூங்கும். 75ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். இடவப்பாதியில் திருவனந்தபுரத்து வீட்டுக்குள் ஈரமானியை வைத்தால் முள் 80க்கு மேல் போய் நிற்கும். தோல் செருப்பும் இடுப்பு வாரும் பூக்கிற பருவம் அது. எனவே தென்மேற்குச் சுவரை ஒட்டிய அலமாரி ஆகாது, தரைத்தளத்து மூலை ஆகாது. மழைக் காலத்தில் வட்டுகளைக் காற்றுப் புகாத பையில், ஈரத்தை ஒரே அளவில் நிறுத்தும் சிறு பொட்டலத்தோடு அடைத்து, மகரத்தில் திறந்து ஆறவிடுவது இந்த ஊருக்குத் தோதான வழி.

வாசனை இன்னொரு எதிரி. தேயிலை எதையும் இழுத்துக்கொள்ளும். அந்துருண்டை போட்ட துணி அலமாரி, சாம்பிராணி போடும் பூஜை அறை, மசாலா டப்பா அடுக்கிய சமையலறைத் தட்டு, மூன்றும் வேண்டாம். ஷெங்கையும் ஷோவையும் ஒரே பெட்டியில் வைத்தாலும் ஒன்றின் வாடை மற்றதில் ஏறும்.

வட்டின்மேல் பூத்திருந்தால் நிறத்தைப் பார்க்க வேண்டும். ஆன்ஹுவா செங்கல் தேயிலையின் ஒருவகையில், உடைத்தால் உள்ளே பொன்மஞ்சள் புள்ளிகள் தெரியும். 'பொற்பூ' என்று அதை வேண்டுமென்றே வளர்க்கிறார்கள். மற்ற தேயிலைகளில் பஞ்சுபோல மஞ்சளாகவோ பச்சையாகவோ கறுப்பாகவோ எது வளர்ந்திருந்தாலும் துடைத்துவிட்டுக் குடிக்கக் கூடாது. சில பூஞ்சைகள் நச்சை விட்டுப்போகும். கொதிநீர் அதைப் போக்காது. எவ்வளவு விலை கொடுத்ததானாலும் குப்பைதான்.

மறுபடி எடுத்துச் சுவைப்பது

நன்றாக வைத்த வட்டை எப்படித் திறப்பது? கத்தியால் மேலிருந்து குத்தினால் இலை பொடியாகும். சேகரிப்பாளர்கள் ஒரு மழுங்கிய ஊசியை வட்டின் விளிம்பில், பக்கவாட்டில் செருகி, மெல்ல நெம்புவார்கள். இலை அடுக்கடுக்காகப் பெயர்ந்து வரும். ஆறு கிராம் போதும். மூடியுள்ள சீனக் கிண்ணமான காய்வானில், ஏறக்குறைய 100 மில்லி கொள்ளும் அளவில், அதைப் போட்டு, தளதளவென்று கொதித்த நீரை ஊற்றி உடனே வடித்துக் கொட்டிவிட வேண்டும். இலை விழிக்கவும் தூசி போகவும்தான் இந்த முதல் நீர். மூடியைத் திருப்பி முகர்ந்தால் வட்டின் ஜாதகம் பாதி தெரிந்துவிடும்: கற்பூரம், பழைய மரம், பேரீச்சம்பழம் என்று வந்தால் நல்ல சகுனம். புளித்த வாடையோ ஈரச்சுவர் வாடையோ வந்தால் கிடங்கில் கோளாறு.

அடுத்த ஊற்றல்கள் பத்து விநாடியில் தொடங்கி மெல்ல நீளும். நல்ல இலை பத்து ஊற்றலுக்கு மேல் தாங்கும். வெள்ளைக் கிண்ணத்தில் சாறு எவ்வளவு அடர்த்தியாக இருந்தாலும் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கினால் அவசரப்பட்டு முதிரவைத்தது என்று சந்தேகிக்கலாம். விழுங்கிய பிறகு கசப்பு விலகி, நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்ததுபோல அடித்தொண்டையில் ஒரு இனிப்பு எழும். சீனர்கள் இதை மிகவும் மதிக்கிறார்கள். கடைசியில் அவிந்த இலையை விரித்துப் பார்ப்பார்கள். முதிர்ந்த ஷெங் இலை பழுப்பாக, விரலில் உருட்டினாலும் கிழியாமல் இருக்கும். கரியாகி நொறுங்கினால் குவியலிலோ கிடங்கிலோ சூடு மிஞ்சிப்போயிருக்கிறது.

ஒருமுறை சுவைப்பதில் அதிகம் தெரியாது. அதே வட்டை ஆண்டுதோறும், அதே அளவு இலை, அதே கிண்ணம், அதே தண்ணீரில் போட்டுப் பார்க்கும்போதுதான் மாற்றம் பிடிபடும். தண்ணீரும் முக்கியம். அருவிக்கரையிலிருந்து வரும் குழாய் நீரில் குளோரின் வாடை அடித்தால் ஒரு ராத்திரி திறந்து வைக்கலாம். கடலோரக் கிணற்றின் உவர்நீர் எந்த நல்ல தேயிலையையும் கெடுத்துவிடும். ஷெங்குக்கு நடுவில் ஒரு சங்கடமான பருவமும் உண்டு. பூ வாசம் போயிருக்கும், முதிர்ந்த மணம் வந்திருக்காது. சில ஆண்டுகள் வைத்துவிட்டு ஆசையோடு திறந்தவர்கள் ஏமாந்து, மலிவாகத் தள்ளிவிடுவது அந்தப் பருவத்தில்தான். பொறுத்தவர்களுக்கு அதே வட்டு வேறு முகம் காட்டியிருக்கிறது. நம் ஊர்ப் புழுக்கத்தில் இந்தப் பருவம் சீக்கிரம் வந்து சீக்கிரம் கடந்துவிடும்.

பழந்தேயிலை கொழுப்பைக் கரைக்கும், சர்க்கரையை அடக்கும் என்று விற்பனைக்காரர்கள் சொல்வதை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வயதானாலும் அதில் காஃபின் உண்டு. ராத்திரி குடித்தால் தூக்கம் கெடும். முற்றிய இலையில் செய்யும் மலிவான செங்கல் தேயிலையில் ஃபுளோரைடு அதிகம். திபெத்திலும் உள் மங்கோலியாவிலும் அதை நாள் முழுக்கக் குடித்தவர்களுக்குப் பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்டது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது.

திருவனந்தபுரத்தில் ஒருவர் புதிதாகத் தொடங்க விரும்பினால் பழைய வட்டை வாங்கப் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை. நம்பகமான கடையில் சமீபத்தில் செய்த ஷெங் வட்டு இரண்டு, ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சின்ன ஷோ, ஓர் ஈரமானி, ஒரு நோட்டு, இவ்வளவு போதும். ஒரு ஷெங் வட்டைக் காற்றுப் புகாத பையில் அடைத்துத் தொடாமல் வைக்க வேண்டும். மற்றதை ஊர்க்காற்று படும்படி, ஈரமானி கண்முன்னே இருக்க வைக்கலாம். ஒவ்வொரு கும்ப மாதமும் இரண்டிலிருந்தும் ஆறாறு கிராம் எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் ஊற்றிப் பார்த்து, மூன்றாம் ஊற்றலின் நிறத்தையும் துவர்ப்பையும் குறித்து வைத்தால், நாலைந்து மழை தாண்டியதும் இந்த ஊர் தன் தேயிலைக்கு என்ன செய்கிறது என்பது அந்த நோட்டிலேயே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு முழுக்கட்டு வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்துகொள்ளலாம்.